வாங்கின் உயரம்

ஈழத்துத் தமிழ் வீடுகளில் நாம் இருக்கின்ற, எழுதுகின்ற, பொருள்களை வைத்துப் பூட்டுகின்ற தளபாடங்களின் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி ஆகிய நான்கும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொற்கள். மேசையின் லாச்சி ஒல்லாந்தருடையது. 1560இல் மன்னாரில் கோட்டை கட்டியவர்களும், 1658இல் அதனைப் பறித்துக்கொண்டவர்களும் இந்தக் கடலின் முத்தை அள்ளிச் சென்றார்கள். கதிரையையும் வாங்கையும் நம்முடைய நாவில் விட்டுச் சென்றார்கள். நம்மிடம் இருக்கைகள் இல்லாமலில்லை. பலகை இருந்தது, மணை இருந்தது, கட்டில் இருந்தது, முக்காலி இருந்தது. நீண்ட இருக்கைக்கு விசிப்பலகை என்றொரு சொல்லும் அகராதியில் உண்டு. ஆயினும் பலர் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில், தோளோடு தோள் உரச அமர்கின்ற அந்தப் பொருளைச் சொல்லும்போது நம் வாயில் வருவது வாங்குதான். இது மொழியியலாருக்கு மட்டும் உரிய செய்தி என்று நான் கருதவில்லை. திண்ணையில் ஏறி அமரத்தக்கவர் யார், முற்றத்தில் நிற்கவேண்டியவர் யார், படலைக்கு வெளியே நின்று குரல் கொடுக்கவேண்டியவர் யார் என்று நிலத்தின் உயரத்தையே சாதியின் அளவுகோலாக்கிய சமுதாயம் நம்முடையது. அத்தகைய சமுதாயத்துக்கு வாங்கு என்பது சற்றே ஆபத்தான தளபாடம்.

அது எத்துணை ஆபத்தானது என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாறு காட்டுகின்றது. உதவி பெறும் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்தார்கள். ஏனையோர் வாங்கில் இருந்து படித்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான ஆசனம் வழங்கவேண்டும் என்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசு பணித்தபோது, அந்த ஆணைக்கு எதிராக மனுக்கள் எழுந்தன, பாடசாலைகள் தீயிடப்பட்டன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் இளைஞர்கள் தீண்டாமையை எதிர்த்து நின்ற காலம் அது. கல்வியின் பாடத்திட்டம் பற்றியோ போதனா மொழி பற்றியோ அல்ல, பிள்ளைகளின் பின்புறம் தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் இருக்கவேண்டும் என்பது பற்றி நம்முடைய பெரியவர்கள் தீ வைக்கும் அளவுக்குக் கவலைப்பட்டிருக்கிறார்கள். 'சமஆசனம்' என்ற சொல்லை நான் பல்கலைக்கழகத்தில் வாசித்தேன். அதன் பொருளை விளங்கிக்கொண்டது மன்னாரில், உளியும் சீவுளியும் கையில் எடுத்த பிறகு.

தலைமன்னார் வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் மணல் ஒழுங்கை ஒன்றின் முடிவில், மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள் இருபத்து மூவர் படிக்கின்ற முன்பள்ளி இருக்கின்றது. இந்நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று பெருமையோடு பேசுகின்றோம், பேசவேண்டியதுதான். ஆனால் அரசாங்கப் பாடசாலை முதலாம் தரத்தில்தான் தொடங்குகின்றது. அதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆலயங்களின் தயவிலும், கிராமச் சங்கங்களின் சேமிப்பிலும், தொண்டு நிறுவனங்களின் திட்டக் காலத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாய்மார் மாதந்தோறும் முடிச்சவிழ்த்துக் கொடுக்கும் காசிலும் நடக்கின்றன. பட்டினத்தில் வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் 'மொண்டிசோரி'க்குப் போகிறார்கள். அந்தப் பெயருக்குரிய அம்மையார் 1907 ஜனவரியில் தம்முடைய முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தது ரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போனபின் மாடிப்படிகளில் அலைந்து திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக அது திறக்கப்பட்டது. அந்தப் பெயர் இன்று கட்டணம் அறவிடும் பலகைகளில் தொங்குவதை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அந்த அம்மையார் செய்த பெரிய காரியங்களுள் ஒன்று தச்சு வேலை சம்பந்தமானது. நிலத்தில் ஆணியடித்து இறுக்கிய கனத்த வாங்குகளை அகற்றி, பிள்ளைகள் தாமே தூக்கி நகர்த்தக்கூடிய சின்ன மேசைகளையும் கதிரைகளையும் அவர் செய்வித்தார். கதிரை சரிந்து விழுந்து சத்தமெழுப்புமே என்று கேட்டவர்களுக்கு, அந்தச் சத்தமே பிள்ளைக்குத் தன் அசைவைத் திருத்தக் கற்றுக் கொடுக்கும் என்று விடை சொன்னார். 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர்க்கால ஆண்டுகளை இந்தியாவிலேயே கழித்தார். தெற்காசிய ஆசிரியர்கள் அவரிடமிருந்து அட்டைகளையும் மணிகளையும் கற்றுக்கொண்ட அளவுக்குக் கதிரையைக் கற்றுக்கொண்டார்களா என்பது ஐயத்துக்குரியது.

நம் முன்பள்ளிக்கும் கதிரைகள் வந்தன. 2009க்குப் பின், மீள்குடியேற்ற காலத்தில், நன்கொடை என்று முதுகில் அச்சிட்ட பிளாஸ்டிக் கதிரைகள் பல கிராமங்களுக்கு வந்தது போல இங்கும் வந்தன. மண்டபத்தின் தகரக் கூரை காலை பத்து மணிக்கே கொதிக்கத் தொடங்கும். ஆகையால் வகுப்பு நடப்பது வெளியே வேம்பின் கீழ். மன்னார் வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் சில ஆண்டுகளில் நொறுங்கும் தன்மையை அடைந்துவிடும். வெடித்த இருக்கையின் பிளவு பிள்ளையின் தொடையைக் கவ்வும். அப்படி ஒவ்வொன்றாக ஒதுக்கியபின் எஞ்சியது மணலும் பனையோலைப் பாயும். பாயில் இருப்பதில் இழிவு எதுவுமில்லை. நம்முடைய முன்னோர் முழுவதும் அப்படியே இருந்து கற்றார்கள். ஆனால் வாடைக்காற்று மழையில் மணல் ஈரமாகும். கோடையில் எறும்பு ஏறும். மடியில் கொப்பியை வைத்துக் குனிந்து எழுதும் பிள்ளையின் முதுகு வளையும். வெளியே வைத்து மழையையும் வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கக்கூடிய ஆறு வாங்குகளும் மூன்று மேசைகளும் செய்வதென்று பெற்றோர் சிலரும் நானும் தீர்மானித்தோம். சனிக்கிழமைகளில் வேலை. எங்களுக்கு வழிகாட்டியவர் ஓர் ஓடாவியார்.

ஓடாவி என்றால் ஓடம் கட்டுகின்ற தச்சன். அவருடைய தகப்பனார் காலத்தில் இந்தக் கரையில் மரத்தாலான வள்ளங்களும் வத்தைகளும் கட்டப்பட்டன. கண்ணாடியிழைப் படகு வந்தபின் அந்தத் தொழில் ஒடுங்கிப்போயிற்று. இப்போது அவர் கதவு நிலை செய்கிறார், யன்னல் திருத்துகிறார், சவப்பெட்டியும் செய்கிறார். அவரிடம் நான் பலகையின் அளவைச் சொல்லத் தொடங்கியபோது, கையமர்த்திச் சொன்னார்: "மாஸ்டர், முதலிலை பிள்ளையளை அளந்துகொண்டு வாங்கோ. பலகை ஓடிப்போகாது."

அளந்தேன். பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் செய்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து நிலம்வரை ஒரு தென்னை ஈர்க்கைப் பிடித்து ஒடித்து, அதில் பெயரெழுதிய காகிதத் துண்டைச் சுற்றினேன். இருபத்து மூன்று ஈர்க்குகள் சேர்ந்து ஒரு கட்டு. இருக்கையின் உயரம் இதுவே: பாதம் முழுவதும் நிலத்தில் படிய வேண்டும், தொடையின் கீழ்ப்புறம் பலகை விளிம்பில் அழுந்தக் கூடாது. கால் தொங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை ஓரிடத்தில் இராது; அதைக் குழப்படி என்று நாம் அடிக்கிறோம். வளர்ந்தவர்களின் கதிரை ஏறக்குறையப் பதினெட்டு அங்குலம். பாடசாலைத் தளபாடங்களுக்கான ஐரோப்பியத் தரத்தில் சிறு பிள்ளைகளுக்குரிய இருக்கைகளுள் ஒன்று 26 சென்ரிமீற்றர், அதாவது பத்து அங்குலத்துக்குச் சற்று மேல், அடுத்தது 31, அதற்கடுத்தது 35. எங்களுடைய ஈர்க்குகள் எட்டரை அங்குலத்திலிருந்து பதினோர் அங்குலம் வரை இருந்தன.

மரம் தேடியது தனிக் கதை. மன்னாருக்கு வருவோர் பள்ளிமுனையில் உள்ள பெருக்கமரத்தைப் பார்க்காமல் போவதில்லை. அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பேருருவின் அடிமரம் பல பேர் கைகோத்தாலும் கட்டியணைக்க முடியாதது. ஆனால் அதன் மரம் பஞ்சு போன்றது. ஒரு மணைக்கும் உதவாது. உதவக்கூடிய பனையோ போர்க்காலத்தில் இரு தரப்பாரின் காவலரண்களுக்காகவும் வடக்கெங்கும் கணக்கின்றித் தறிக்கப்பட்டது. இன்று பனை தறிக்க அனுமதி வேண்டும், வேண்டியதுதான். ரயில் பாதையின் பழைய மரக் கட்டைகள் எங்காவது கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். 1914இல் திறந்த தலைமன்னார்ப் பாதை போரில் அழிந்து, 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய கட்டைகள் சில வீடுகளில் வாசற்படியாகக் கிடப்பதுண்டு. நல்ல வைரமான மரந்தான். ஆனால் தண்டவாளக் கட்டைகளை உக்காதிருக்கக் கிரியோசோட் என்னும் நிலக்கரித்தார் எண்ணெயில் ஊறவைப்பார்கள். அது தோலுக்கு நஞ்சு, வெயிலில் கசியும். பிள்ளைகளுக்குரிய எதற்கும் அதைத் தொடக்கூடாது. பழைய படகுப் பலகைகளிலும் இதே சங்கடம் உண்டு. அடிப்புறத்தில் பாசியும் சிப்பியும் பிடியாமலிருக்கப் பூசிய வர்ணங்கள் உயிர்களைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டவை. பழைய வர்ணங்களில் ஈயமும் இருக்கலாம். அவற்றைத் தேய்த்தால் தூள் மூச்சில் போகும். அழகாயிருக்கிறது, பழமையாயிருக்கிறது என்று பட்டினத்து உணவு விடுதிகள் படகுப் பலகையில் மேசை செய்வதைப் பார்த்து மயங்குபவர்கள் இதனை நினைவில் வைக்கலாம்.

கடைசியில், சோளகக் காற்றில் சரிந்த ஒரு முதிய பூவரசும், இடிந்த வீடொன்றின் கூரையிலிருந்து இறக்கிய பனஞ்சிலாகைகளும் கிடைத்தன. பூவரசு கடற்கரையின் பிள்ளை. கதியாலாக நட்டால் வேலியாகி நிற்கும். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத சிறுவர் இந்தக் கரையில் இல்லை. மரம் இறுக்கமானது, நீருக்கு அஞ்சாதது. முன்னாளில் வண்டிக்கும் படகுக்கும் போனது. மரக்காலையில் அரிவித்து, நிழலில் அடுக்கி, ஒவ்வொரு பலகைக்கும் இடையில் குச்சி வைத்துக் காற்றோட விட்டோம். பச்சை மரத்தில் வேலை செய்தால் காயும்போது அது தன் வளைவுக்குப் போய்விடும். பனஞ்சிலாகை பல ஆண்டு கூரையில் காய்ந்தது. கருங்கோடுகள் ஓடும் வைரம். ஆனால் அதன் சிராய் ஊசிக்குச் சமம். ஆகையால் மேசைப் பலகையின் விளிம்பு ஒவ்வொன்றையும் சீவி, அரம் போட்டு, மணல்தாள் பிடித்து, கன்னத்தை வைத்து இழுத்தாலும் கீறாதபடி செய்யவேண்டியிருந்தது. வேலையின் பாதி இதுவே. செய்தவனுக்குத் தெரியும், பார்ப்பவனுக்குத் தெரியாது.

கடற்கரையில் வேறு சில நியாயங்கள் உண்டு. சாதாரண ஆணி உப்புக் காற்றில் துருவேறி மரத்தையும் கறுப்பாக்கிப் பிளந்துவிடும். கல்வனைஸ் ஆணிகூட நீண்டகாலம் நில்லாது. எனவே காலும் சட்டமும் சேரும் இடங்களில் துளையும் முளையுமாகப் பொருத்தி, குறுக்கே மரஆணி அடித்தோம். மழைநீர் வழிந்தோட இருக்கைப் பலகைகளுக்கிடையே இடைவெளி வேண்டும். ஆனால் அது கால் அங்குலத்தைத் தாண்டினால் சின்ன விரல் சிக்கும். நான்கு கால்களும் மணலில் புதைந்து வாங்கு சாயாமலிருக்க, இரண்டு கால்களுக்கு ஒன்றாக நீண்ட அடிக்கட்டை வைத்தோம். "மணலிலை நிக்கிறதெல்லாம் வள்ளம் மாதிரித்தான். அடி அகலமா இருந்தாத்தான் நிக்கும்" என்றார் ஓடாவியார். ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை பூசிக் காயவிட்டோம். படகுக்குப் பூசும் சுறா எண்ணெய் இதைவிட நன்று என்று ஒரு தகப்பன் வாதாடினார். அந்த வாடையில் எந்த அரிச்சுவடியும் ஏறாது என்று தாய்மார் மறுத்துவிட்டார்கள்.

வேலை நடந்துகொண்டிருக்கையில் ஒரு பழைய அடி அடிக்கடி நினைவில் வந்து உறுத்தியது. பெரும்பாணாற்றுப்படையில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் நடைபழகிய களைப்போடு உருட்டி விளையாடும் சிறுதேர் ஒன்று வருகின்றது. அது தச்சரின் பிள்ளைகளும் விரும்பும்படி செய்யப்பட்டது என்று பொருள் சொல்வர். மாணவனாக இருந்தபோது அந்த இடத்தின் நயத்தை நாங்கள் வியந்தோம். தச்சன் பிள்ளையே ஆசைப்படுமென்றால் தேர் எவ்வளவு சிறந்தது என்று விளக்கவுரை எழுதினோம். தேரைச் செய்தவன் தகப்பன். ஆசையோடு பார்ப்பது அவன் பிள்ளை. உருட்டுவது இன்னொருவன் பிள்ளை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே இந்த ஏற்பாடு பழகிப்போன ஒன்றாக இருந்திருக்கின்றது. புலவர் அதில் வியப்புக்கூடக் காட்டவில்லை. ஒளவையார் வேறு வகை. அதியமான் பரிசில் தரத் தாழ்த்தியபோது, மழுவேந்திக் காட்டுக்குள் போகும் தச்சன் பிள்ளைகளுக்கு எங்கும் பிழைப்பு உண்டு. எமக்கும் அப்படியே என்று வாயிற்காவலனிடம் சொல்லிவிட்டு நடந்தவர் அவர். புறநானூற்றின் 206ஆம் பாட்டு அது. தம் புலமையைத் தச்சுக் கைத்திறனுக்கு ஒப்பிட அந்தப் பெருமகளுக்கு நாணமிருக்கவில்லை. அவரைப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்ற நாமோ உளி பிடிப்பவனை வீட்டுக்குப் பின்வாசலால் அழைக்கிறோம்.

நம் கல்வியில் இதைத் திருத்த ஒரு முயற்சி நடந்தது. 1972ஆம் ஆண்டின் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களை எல்லா மாணவருக்கும் கொண்டுவந்தது. ஊரின் தொழிலையே பாடமாக்கலாம் என்றது. 1977இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது. குறைகள் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அதனைக் கேலி செய்தவர்களுள் பெரும்பாலோர் குறைகளைக் கண்டு கேலி செய்யவில்லை. தம் பிள்ளை வாளும் உளியும் தொடுவதா என்று கேலி செய்தார்கள்.

முதலில் எங்களுடைய திட்டம் இரண்டு உயரங்களில் வாங்கு செய்வது. குட்டிகளுக்கு ஒன்பது அங்குலம், மற்றவர்களுக்குப் பதினொன்று. ஈர்க்குக் கட்டின்படி அந்தக் கணக்குச் சரியே. மாதிரிக்காக ஒவ்வொன்றிலும் ஒன்றைச் செய்து வேம்பின் கீழே வைத்து, பிள்ளைகளை இருத்திப் பார்த்தோம். அப்போது ஒரு பேரனைக் கூட்டிப்போக வந்த ஆச்சி, வாசலிலேயே நின்றுவிட்டார். வலிகாமத்திலிருந்து மணமாகி இந்தக் கரைக்கு வந்தவர்.

"ஏன் என்ர பேரனைப் பதிஞ்ச வாங்கிலை இருத்தியிருக்கிறியள்?" என்றார்.

கால் எட்டாது என்பதை விளக்கினேன். ஈர்க்கைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"என்ர அம்மாவை நிலத்திலை இருத்தித்தான் படிப்பிச்சவை, மாஸ்டர். அப்பவும் ஏதோ காரணம் சொல்லித்தான் இருத்தினவை. ரெண்டாம் வகுப்போடை அவ பள்ளிக்கூடத்தை விட்டிட்டா."

அவ்வளவுதான் சொன்னார். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். ஒன்பது அங்குலத்துக்கு உடலியல் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை எவ்வளவு கவனமாகச் சொன்னாலும் அந்த ஆச்சியின் காதில் அது எந்தக் குரலில் விழும் என்பதற்கு ஈர்க்கில் அளவில்லை. வரலாறு ஒரு கிழவியின் நினைவில் இருக்கும்வரை அதுவும் தளபாடத்தின் அளவுகளுள் ஒன்றுதான்.

ஓடாவியார் சீவுளியின் வாயிலிருந்த சுருளைத் தட்டிக்கொண்டே யோசித்தார். படகில் தண்டு வலிப்பவன் காலை உதைத்துக்கொள்ள ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். "வாங்கெல்லாம் ஒரே உயரம். காலுக்குச் சட்டம் குடுப்பம்" என்றார். அப்படியே செய்தோம். ஆறு வாங்கும் பதினோர் அங்குலம். ஒவ்வொன்றின் முன்புறமும் ஒரு கால்பலகை. அடிக்கட்டையில் வெட்டிய வாய்களில் அது இரண்டு உயரங்களில் மாட்டும், வேண்டாதபோது கழற்றிவிடலாம். பிள்ளை வளர வளரப் பலகை கீழே இறங்கும், இருக்கை இறங்காது. வேலை ஒரு மாதம் நீண்டது. பலகையும் கூடுதலாகச் செலவாயிற்று. பெற்றோர் கூட்டத்தில் அந்தச் செலவைக் குறித்து ஒருவரும் வாய் திறக்கவில்லை.

1974இல் என்சோ மாரி என்ற இத்தாலிய வடிவமைப்பாளர், வெறும் பலகையும் ஆணியும் சுத்தியலும் கொண்டு எவரும் தாமே செய்துகொள்ளக்கூடிய மேசை, கதிரை, கட்டில் முதலியவற்றின் வரைபடங்களைத் தபாற் செலவுக்கு மட்டும் அனுப்பிவைத்தார். தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் தவிர யாரும் பயன்படுத்தலாம் என்பது அவருடைய நிபந்தனை. ஒரு பொருளைத் தானே செய்து பார்த்தவன், கடையில் விற்பதை வேறு கண்ணால் பார்ப்பான் என்பது அவருடைய நம்பிக்கை. நாங்களும் எங்களுடைய அளவுகளைக் கரித்துண்டால் ஒரு பலகையில் எழுதி மண்டபத்தின் சுவரில் மாட்டியிருக்கிறோம்: இருக்கை 11, அகலம் 9, நீளம் 48, மேசை 19, கால்பலகை தரையிலிருந்து ஒன்றரையும் இரண்டரையும். பக்கத்துக் கிராமத்து முன்பள்ளி ஆசிரியை அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். அங்கே தச்சர் இல்லை. ஓடாவியார் போகச் சம்மதித்திருக்கிறார், கூலிக்கு. கூலி பேசித்தான் போகவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். சமூகத் தொண்டு என்ற பெயரில் தச்சனின் நாளைக் களவெடுப்பதும் ஒரு பழைய வழக்கந்தான்.

இப்போது ஒரு சிறு சிக்கல். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின், பின்னேரங்களில், தாய்மார் இரண்டு வாங்குகளை எடுத்து வைத்து அதிலிருந்து மீன் வகைப்படுத்துகிறார்கள். குந்தியிருந்து முழங்கால் நோகும் வேலை அது. பதினோர் அங்குலம் அவர்களுக்கு மிகவும் ஏற்ற உயரமாயிருக்கிறதாம். மறுநாள் காலையில் பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கிறார்கள். அவர்களுக்கென்று தனியே இரண்டு செய்து தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கிடக்கும் பூவரசு ஒன்றுக்குத்தான் காணும். மற்றதற்கு வாடை முடியும்வரை பொறுக்கவேண்டும்.